பிப்ரவரி 30-ஆம் தேதி மழை பெய்யுமா?

“வருகிற சனிக்கிழமை மழை உண்டா இல்லையா என்றே உங்களால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. 2100-இல் பூமி எத்தனை டிகிரி சுடும் என்று மட்டும் எப்படிச் சொல்கிறீர்கள்? காலநிலை விஞ்ஞானிகள் நாள் முழுக்க உட்கார்ந்து என்னதான் செய்கிறீர்கள்?” இதுதான் நண்பரின் கேள்வி. முதல் பாதி எனக்குப் பழகியது. இந்தத் துறைக்கு வந்த நாளிலிருந்து உறவினர் வீட்டிலும் ரயில் பயணத்திலும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். இரண்டாவது பாதியில் கொஞ்சம் கிண்டல் தெரிகிறது, ஆனால் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. எங்கள் முடிவுகளை நம்பும்படியாக எங்கள் அன்றாட வேலையில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. இருபது வருடத்துக்கு மேலாக இதில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். என் வேலை மழை, குறிப்பாகக் கனமழை. பனிப்பாறை, பவளப்பாறை பற்றியெல்லாம் நானும் உங்களைப் போல அடுத்தவர் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொள்பவன்தான்.

முதல் பாதியை முதலில் முடித்துவிடுவோம். மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்பார்கள். அதற்கு அறிவியல் காரணம் 1961-இல் கிடைத்தது. எட்வர்ட் லாரன்ஸ் என்ற அமெரிக்க வானிலையாளர், கணினியில் ஏற்கெனவே ஓட்டிய ஒரு சிறிய வானிலை மாதிரியை நடுவிலிருந்து மறுபடி ஓட்டிப் பார்க்க நினைத்தார். முன்பு அச்சாகி வந்த தாளைப் பார்த்து எண்களைத் தட்டினார். கணினி தன் நினைவில் வைத்திருந்தது 0.506127. தாளில் இருந்தது 0.506. தட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அதே சமன்பாடுகள்தான், ஆனால் வானிலை முற்றிலும் வேறாக இருந்தது. மூன்றாவது தசமத்துக்குப் பின்னால் வெட்டியதற்கே இந்தக் கதி. நிஜ வானத்தை நாம் அளக்கும் லட்சணத்தில் அதைவிடப் பெரிய ஓட்டைகள் எப்போதும் இருக்கும். அதனால்தான் எவ்வளவு பெரிய கணினியைக் கொண்டுவந்து வைத்தாலும், இந்த நாளில் இந்த இடத்தில் மழை என்று சொல்வது ஏறக்குறைய இரண்டு வாரத்தோடு நின்றுவிடுகிறது.

ஆனால் காலநிலை என்பது அந்தக் கேள்வியே இல்லை. ஆறு மாதம் கழித்து வரப்போகும் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் கோடை, குளிர்காலத்தைவிடச் சூடாக இருக்கும் என்று பந்தயம் கட்ட நீங்கள் யோசிக்க மாட்டீர்கள். சூரிய ஒளி விழும் கோணம் மாறுகிறது, பூமிக்கு வந்து சேரும் வெப்பத்தின் கணக்கு மாறுகிறது, அவ்வளவுதான். கார்பன் டை ஆக்சைடு செய்வதும் அதே போன்ற கணக்கு மாற்றம். வரும் வெப்பத்தை விட்டுவிட்டு, வெளியே போகும் வெப்பத்தில் கை வைக்கிறது. லாரன்ஸின் குழப்பம் அன்றன்றைய வானிலையைப் புரட்டிப் போடும். முப்பது வருடச் சராசரியை அது தொடுவது மிகக் குறைவு.

இனி, நாள் முழுக்க என்ன செய்கிறோம் என்பதற்கு வருகிறேன். படங்களில் பனிப்புயலுக்கு நடுவே ஆரஞ்சு நிற அங்கி போட்டுக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு நாற்காலிதான். என் வேலை நேரத்தில் பெரும்பகுதி யாரோ, எங்கேயோ, எப்போதோ அளந்த எண்களைச் சுத்தம் செய்வதில் போகிறது. வெப்பமானி இருக்கும் வெள்ளை மரப்பெட்டியைப் பார்த்திருக்கலாம். நான்கு பக்கமும் சாய்ந்த சட்டங்கள், தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரம். 19-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துக் கலங்கரை விளக்கப் பொறியாளர் வடிவமைத்தது, அதனால் அவர் பெயரே அதற்கு. நேர் வெயில் படக்கூடாது, காற்று மட்டும் போய்வர வேண்டும் என்பதற்காக அப்படி ஓர் அமைப்பு. பெட்டிக்குப் பெயிண்ட் உரிந்தால் அளவு மாறும். குளவி கூடு கட்டினால் மாறும். பக்கத்தில் வைத்த செடி மரமானால் மாறும். எதிரே தார்ச்சாலை போட்டால் மாறும். காலையில் எழுதிக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்று, புதிதாக வந்தவர் மாலையில் எழுதினால், பூமியில் எதுவுமே மாறாமல் அந்த நிலையத்தின் சராசரி மட்டும் ஒரு படி ஏறும் அல்லது இறங்கும். இதையெல்லாம் கண்டுபிடிக்க வேண்டும். பழைய பதிவேட்டின் ஓரத்தில் “பெட்டி இடம் மாற்றப்பட்டது” என்று யாராவது ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் வருடம். நாற்பது நிலையங்களின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை எடுத்துக் கோடு வரைந்தேன். நடுவில் ஒரு வருடம் மட்டும் அரை டிகிரி சரிவு. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று வாரம் எரிமலை, தூசு, கடல் நீரோட்டம் என்று காரணம் தேடி ஏழு பக்கம் எழுதியும் விட்டேன். வழிகாட்டிப் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தை அரை நிமிடம் பார்த்தார். “அந்த வருஷத்துக் கோப்பில் ஆகக் குறைந்த எண் எது என்று பார்த்தாயா?” என்றார். பார்க்கவில்லை. போய்த் திறந்தால் -99.9 என்று இருக்கிறது. அளவு எடுக்காத மாதத்தை வெற்றிடமாக விடாமல், நடக்கவே முடியாத ஓர் எண்ணைப் போட்டு வைப்பது பழைய வழக்கம். ஒரே ஒரு நிலையத்தில் இரண்டு மாதம் விடுபட்டிருந்தது. அந்த இரண்டு மாதமும் அங்கே மைனஸ் நூறு டிகிரி குளிர் என்று நம்பி, என் நிரல் அதையும் சேர்த்துச் சராசரி போட்டிருக்கிறது. மாதத்துக்கு நூற்றிருபத்து ஏழு டிகிரி வித்தியாசம், இரண்டு மாதத்துக்கு இருநூற்று ஐம்பத்து நான்கு. அதைப் பன்னிரண்டு மாதத்துக்கும் நாற்பது நிலையத்துக்கும் பங்கு போட்டால் ஏறக்குறைய அந்த அரை டிகிரிதான் வரும். இன்றைக்கும் என்னிடம் வரும் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை, கோப்பில் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் எனக்கு எழுதிக் கொடுப்பதுதான். அவமானப்பட்டுக் கற்றது.

என்னுடையது சின்னத் தவறு. உலக அளவில் இதைவிடச் சுவாரசியமான ஒன்று நடந்திருக்கிறது. கடல் மேற்பரப்பின் வெப்பநிலையைப் பல காலம் கப்பல்காரர்கள்தான் அளந்தார்கள். கயிறு கட்டி வாளியை இறக்கி, தண்ணீரை மொண்டு மேலே தூக்கி, வெப்பமானியை முக்குவார்கள். கித்தான் வாளி என்றால் தூக்கும் நேரத்துக்குள் காற்றுப் பட்டு நீர் ஆவியாகிக் கொஞ்சம் குளிர்ந்துவிடும். அமெரிக்கக் கப்பல்களில் இஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரை அளக்கும் பழக்கம், அங்கே அளவு சற்றுக் கூடுதலாக வரும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பதிவுகளில் பெரும்பங்கு அமெரிக்கக் கப்பல்களுடையது. 1945 ஆகஸ்டில் போர் முடிந்ததும் வாளி போடும் பிரிட்டிஷ் கப்பல்கள் மறுபடி கூடின. வரைபடத்தில் உலகக் கடல் சட்டென்று ஏறக்குறைய 0.3 டிகிரி குளிர்ந்தது. அந்தச் சரிவின் பெரும்பகுதி வாளிகளின் வேலை என்று தெளிவாகக் காட்டிய கட்டுரை வந்தது 2008-இல். அறுபது வருடத்துக்கு மேல் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த கோடு அது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “நீங்கள் எண்களைத் திருத்துகிறீர்கள், அதனால்தான் பூமி சூடாவதாகத் தெரிகிறது” என்பது அடிக்கடி வரும் குற்றச்சாட்டு. திருத்துவது உண்மை, மேலே மூன்று பத்தியாக அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நிலத்தையும் கடலையும் சேர்த்துப் பார்த்தால், இந்தத் திருத்தங்கள் எல்லாமாகச் சேர்ந்து நீண்டகால வெப்ப உயர்வைக் குறைத்தே காட்டுகின்றன. அந்தப் பழைய வாளிகள் கடலை இருந்ததைவிடக் குளிராகக் காட்டின, அதைச் சரிசெய்யும்போது தொடக்கப்புள்ளி மேலே போகிறது, உயர்வு சிறிதாகிறது. பயமுறுத்தத்தான் வேண்டும் என்றால் திருத்தாமல் விட்டிருந்தாலே போதும்.

அப்புறம், மாதிரிகள். காலநிலை மாதிரி என்றால் காற்றும் நீரும் வெப்பமும் நகரும் விதத்துக்கான இயற்பியல் சமன்பாடுகளை, பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கணினி போடும் கணக்கு. நிரலில் பெரும்பகுதி இன்னும் ஃபோர்ட்ரானில் இருக்கிறது. என் மாணவர்களின் பெற்றோர் பிறப்பதற்கு முன்பே வந்த மொழி அது. பல வருடம் முன்பு வேலையை விட்டுப் போன யாரோ ஒருவர், “இந்த வரியைத் தொடாதீர்கள், ஏன் வேலை செய்கிறது என்று எனக்கே தெரியவில்லை” என்று குறிப்பு எழுதி வைத்த கோப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. யாரும் தொடவில்லை. ஒரு மாதிரியில் வடதுருவம் முதல் வரியில் இருக்கும், இன்னொன்றில் கடைசி வரியில். கவனிக்காமல் கழித்துப் பார்த்தால் அண்டார்டிகாவில் பாலைவன வெயில் அடிக்கும். நாட்காட்டிகூட ஒரே மாதிரி இல்லை. பிரிட்டிஷ் வானிலைத் துறையின் மாதிரிகள் பலவற்றில் எல்லா மாதத்துக்கும் முப்பது நாள், வருடத்துக்கு முந்நூற்று அறுபது நாள். கணக்குக்கு வசதி. அதனால் அங்கே பிப்ரவரி 30 உண்டு, அன்றைக்குக் காற்றும் மழையும் உண்டு. வேறு சில மாதிரிகளில் லீப் வருடமே கிடையாது. எல்லா மாதத்துக்கும் முப்பது நாள் உள்ள மாதிரி ஒன்றை நிஜ அளவீடுகளோடு நாள்வாரியாகப் பொருத்த முயன்ற மாணவி ஒருத்தி, கண்ணீர் வராத குறையாக வந்து, “சார், ஜூலை 31 காணாமல் போய்விட்டது” என்றாள். அது மாதிரிக்குள் எப்போதுமே இருந்ததில்லை என்று விளக்கிவிட்டு நான் டீ குடிக்கப் போனேன்.

நாட்காட்டி வேடிக்கைதான். கட்டத்தின் அளவு வேடிக்கை இல்லை. இன்றைய உலக மாதிரிகளில் ஒரு கட்டம் பெரும்பாலும் நூறு கிலோமீட்டர் அகலம். இடிமேகம் ஒன்று பத்துக் கிலோமீட்டர் இருந்தாலே பெரிது. ஆகவே மேகம் கட்டத்துக்குள் காணாமல் போய்விடும். அதை நேரடியாகக் கணக்கிட முடியாததால், “இந்த ஈரப்பதமும் இந்த வெப்பமும் இருந்தால் ஏறக்குறைய இவ்வளவு மேகம் இருக்கும்” என்று ஒரு விதி எழுதிச் சேர்க்கிறோம். எங்கள் துறையின் பலவீனம் எங்கே என்று யாராவது கேட்டால் நான் விரல் நீட்டுவது அங்கேதான்.

மீதி நேரம் விண்ணப்பம் எழுதப் போகிறது. மூன்று வருட நிதிக்கு முப்பது வருடப் போக்கை ஆராய்வதாக வாக்குக் கொடுக்கிறோம். கட்டுரை அனுப்பினால் முதல் மதிப்பீட்டாளர் “நன்று, சில எழுத்துப் பிழைகள்” என்பார். இரண்டாமவர், தான் எழுதிய ஐந்து கட்டுரைகளை நாம் மேற்கோள் காட்டவில்லை என்று வருத்தப்படுவார். கார்பன் உமிழ்வைக் குறைப்பது பற்றிப் பேச விமானத்தில் கடல் தாண்டிப் போய் பதினைந்து நிமிடம் பேசிவிட்டு வந்திருக்கிறேன். அதற்கு என்னிடம் நல்ல சமாதானம் எதுவும் இல்லை. 2021-இல் வெளிவந்த ஐபிசிசி (காலநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழு) அறிக்கையின் அறிவியல் பகுதியை 234 பேர் எழுதினார்கள், சம்பளம் இல்லாமல். வரைவுகளுக்கு 78 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும். இரண்டாம் மதிப்பீட்டாளரை 78 ஆயிரம் முறை சந்திப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு ஓட்டை உடைசலை நானே ஒப்புக்கொண்ட பிறகு எதை நம்புவது? மாதிரியே இல்லாமல் நிற்கும் விஷயங்களிலிருந்து தொடங்குகிறேன். 1856-இல் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய்தான் மிக அதிகமாகச் சூடேறியது, ஆறவும் நேரம் எடுத்தது. மூன்று வருடம் கழித்து ஜான் டிண்டால், பூமி வெளிவிடும் வகையான வெப்பக் கதிரை இந்த வாயு விழுங்குவதை ஆய்வகத்தில் அளந்தார். 1896-இல் ஸ்வீடனின் அரேனியஸ், ஏறக்குறைய ஒரு வருடம் கையாலேயே கணக்குப் போட்டு, இந்த வாயு இரட்டிப்பானால் பூமி 5 முதல் 6 டிகிரி சூடாகும் என்றார். இன்றைய கணக்குக்கு அது அதிகம், ஆனால் தாளும் பேனாவும் வைத்துப் போட்டதற்குப் பக்கத்தில்தான் வந்திருக்கிறார். 1938-இல் கய் ஸ்டூவர்ட் காலண்டர் என்ற நீராவிப் பொறியாளர், வேலை நேரம் போக வீட்டில் உட்கார்ந்து 147 நிலையங்களின் பதிவுகளைக் கூட்டி, பூமி ஏற்கெனவே சூடாகத் தொடங்கிவிட்டது என்றார். தொழில்முறை வானிலையாளர்கள் அவரை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. அரேனியஸும் காலண்டரும் இந்த வெப்பம் நல்லதுதான் என்று நினைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரையும் பயமுறுத்த இந்தக் கணக்கு பிறக்கவில்லை.

வாயு கூடுவது எப்படித் தெரியும்? சார்லஸ் கீலிங் 1958 மார்ச்சில் ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் அளக்கத் தொடங்கினார். அப்போது காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுக்கு ஏறக்குறைய 313-இல் ஆரம்பித்தது. தொழிற்புரட்சிக்கு முன்னால் 280. இன்றைக்கு 420-ஐத் தாண்டிவிட்டது. எங்கள் துறையின் மிக முக்கியமான அந்தக் கோட்டில் 1964-இல் சில மாதம் வெறுமையாக இருக்கும். காரணம், பணம் வெட்டப்பட்டது. 2022 நவம்பரில் இன்னொரு தடங்கல் வந்தது. அப்போது எரிமலை நிஜமாகவே வெடித்து, குழம்பு ஓடி, சாலையையும் மின்கம்பியையும் துண்டித்தது. பக்கத்து மலையான மௌனா கேயாவுக்குக் கருவியைக் கொண்டுபோய் அளந்தார்கள். விஞ்ஞானிக்கு எரிமலையும் நிதிக்குழுவும் ஒரே வகைத் தடைதான், எரிமலை சீக்கிரம் அடங்கும்.

கூடுதலாக வந்த கார்பன் நம்முடையதுதானா என்பதற்கும் சாட்சி இருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் பல கோடி வருடப் பழசு என்பதால் அவற்றில் கதிரியக்கக் கார்பன்-14 மிஞ்சியிருப்பதில்லை. காற்றில் அதன் விகிதம், எதிர்பார்த்தபடியே, நீர்த்துப்போயிருக்கிறது. எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும், காற்றில் அதுவும் துளித்துளியாகக் குறைகிறது. அதை அளந்துகொண்டிருப்பவர் கீலிங்கின் மகன் ரால்ஃப். எனக்கு மிகவும் பிடித்த சான்று இன்னொன்று. சூரியன்தான் கூடுதலாகச் சுடுகிறது என்றால் வளிமண்டலம் மேலேயிருந்து கீழே வரை சூடாக வேண்டும். கார்பன் டை ஆக்சைடு காரணம் என்றால் கீழே சூடாகும், ஸ்ட்ராட்டோஸ்ஃபியர் எனப்படும் மேலடுக்கு குளிரும். மனாபே, வெதரால்ட் என்ற இரண்டு காலநிலை விஞ்ஞானிகள் 1967-இல், இன்றைய கைபேசியோடு ஒப்பிட்டால் பொம்மை போன்ற கணினியில், இதைக் கணக்கிட்டு எழுதிவிட்டார்கள். செயற்கைக்கோள்கள் பின்னால் வந்து அளந்தபோது அப்படியே இருந்தது. மனாபேக்கு 2021-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள், அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது. 1991-இல் பிலிப்பைன்ஸின் பினடூபோ எரிமலை வெடித்தபோதும் இப்படித்தான். உலகச் சராசரி ஏறக்குறைய அரை டிகிரி இறங்கி மறுபடி ஏறும் என்று ஜேம்ஸ் ஹான்சன் என்ற நாசா விஞ்ஞானியின் குழு முன்கூட்டியே அச்சில் போட்டது, அப்படியே நடந்தது. இந்த முறை அரை டிகிரிச் சரிவு நிஜம், -99.9 இல்லை.

நண்பரே, என் சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. மக்கள் சந்தேகப்படும் இடம் ஒன்று, எனக்குச் சந்தேகம் இருக்கும் இடம் வேறொன்று. பூமி சூடாகிறதா, காரணம் நாமா என்று கேட்கிறார்கள். அது எங்கள் அலுவலகத்தில் யாரும் விவாதிக்காத விஷயம். அதே ஆள் மறுநிமிடம் “2070-இல் என் தெருவில் எத்தனை நாள் நாற்பது டிகிரி இருக்கும்?” என்று கேட்டு, ஒரு எண்ணைச் சொன்னால் உடனே குறித்துக்கொள்கிறார். அந்த எண்ணைத்தான் நான் நம்ப மாட்டேன். தெருத்தெருவாக வண்ணம் தீட்டிக் காட்டும் எதிர்கால வரைபடங்களைப் பார்க்கும்போதெல்லாம், நூறு கிலோமீட்டர்க் கட்டத்தை எவ்வளவு இழுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

சந்தேகங்களைக் கொஞ்சம் திறந்தே காட்டுகிறேன். கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானால் கடைசியில் எவ்வளவு சூடாகும்? 1979-இல் ஜூல் சார்னி தலைமையிலான குழு 1.5 முதல் 4.5 டிகிரி என்றது. 2021-இல் ஐபிசிசி 2.5 முதல் 4 என்றது. நாற்பத்திரண்டு வருடம், ஆயிரக்கணக்கான முனைவர் பட்டங்கள், மீத்திறன் கணினிகளுக்குக் கட்டிய மின்கட்டணம் எல்லாம் சேர்ந்து இடைவெளியைப் பாதியாக்கியிருக்கின்றன. குற்றவாளி பெரும்பாலும் மேகம்தான். தாழ்ந்த மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பும், உயரத்தில் இருக்கும் மெல்லிய மேகம் வெப்பத்தைப் பிடித்து வைக்கும், சூடான உலகில் எது எவ்வளவு கூடும் குறையும் என்பதில் மாதிரிகள் ஒத்துப்போவதில்லை. ஆனால் பூஜ்ஜியம் என்ற விடை அந்த இடைவெளியில் எப்போதுமே இருந்ததில்லை. 2100 பற்றிய கணிப்பில் ஆகப் பெரிய குழப்பமோ மேகம்கூட இல்லை, நாம்தான். உமிழ்வை வேகமாகக் குறைத்தால் ஏறக்குறைய 1.4 டிகிரி, கண்டபடி ஏற்றினால் 4.4 என்று அதே அறிக்கை சொல்கிறது. மனிதர்கள் என்ன முடிவெடுப்பார்கள் என்பதற்குச் சமன்பாடு எதுவும் என்னிடம் இல்லை.

வானிலை மாறுகிறதா என்பதிலும் உறுதி ஒரே சீராக இல்லை. வெப்ப அலை கூடுகிறது, இதில் தயக்கமே இல்லை. என் துறையான கனமழையில் அடிப்படை உறுதியானது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவி தாங்கும், அதனால் பெய்யும் நேரத்தில் கொட்டித் தீர்க்கும். எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று கேட்டால் காற்றோட்டங்கள் எப்படி நகரும் என்பதைச் சொல்ல வேண்டும், அங்கே என் குரல் இறங்கிவிடும். புயல்களில் வலுவானவற்றின் பங்கும் அவை கொண்டுவரும் மழையும் கூடும் என்பதில் ஓரளவு தைரியமாகப் பேசலாம். மொத்த எண்ணிக்கை கூடும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் ஆதாரம் கேட்பேன். சூறைக்காற்றுச் சுழல், ஆலங்கட்டி மழை போன்ற சின்ன அளவு விஷயங்களில் பழைய பதிவுகளே அரைகுறை.

வெள்ளம் வந்த மறுநாள் காலையில் செய்தியாளரிடமிருந்து போன் வரும். “இதற்குக் காலநிலை மாற்றம்தான் காரணமா, ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்.” அந்தக் கேள்விக்கு அப்படிப் பதில் கிடையாது. மாற்றம் நடக்காத ஓர் உலகத்தையும் நடந்த உலகத்தையும் கணினியில் பல நூறு முறை ஓட்டி, இப்படி ஒன்று வரும் வாய்ப்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்று சொல்லலாம். 2003 கோடையில் ஐரோப்பாவைச் சுட்டெரித்த வெப்பத்துக்கு 2004-இல் முதன்முதலாக இப்படிக் கணக்கிட்டார்கள். அத்தகைய கோடை வரும் வாய்ப்பை மனிதச் செயல்கள் குறைந்தது இரட்டிப்பாக்கியிருக்க மிகப் பெரும் சாத்தியம் உண்டு என்று வந்தது. இதை நான் போனில் நான்கு நிமிடம் விளக்குவேன். மறுநாள் “காலநிலை மாற்றமே காரணம்: விஞ்ஞானி” என்று வரும், அல்லது “காரணம் தெரியவில்லை: விஞ்ஞானி” என்று வரும். இரண்டையும் பார்த்திருக்கிறேன், ஒரே வெள்ளத்துக்கு.

எங்களையே திகைக்க வைத்ததும் உண்டு. 2023-இல் உலக வெப்பநிலை பலரும் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தாவியது. 2024 அதையும் மிஞ்சி, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஏறக்குறைய 1.55 டிகிரி மேலே போனது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. பசிபிக் கடல் சில வருடத்துக்கு ஒருமுறை சூடாகும் எல் நினோ ஒரு பங்கு. 2020-இல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தைக் கடுமையாகக் குறைத்ததால் கடல்மேல் மேகத்தைப் பிரகாசமாக்கிவந்த துகள்கள் குறைந்தது இன்னொரு பங்காக இருக்கலாம். தாழ்மேகங்கள் தாமாகவே குறைகின்றனவா என்ற கேள்விதான் என்னை உறுத்துகிறது. எதற்கு எத்தனை பங்கு என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. பாரிஸ் ஒப்பந்தத்தின் 1.5 தாண்டிவிட்டதா என்று உடனே கேட்பார்கள். அது பல வருடச் சராசரிக்கான எல்லை, ஒரு வருடத்தை வைத்துச் சொல்வதில்லை. இந்த வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்கே வக்கீல் பேசுவது போலத் தோன்றுகிறது, ஆனாலும் சரியான பதில் அதுதான்.

சனிக்கிழமை மழைக்கு வருகிறேன். அதை எங்கள் மேல்மாடியில் இருக்கும் முன்கணிப்புக்காரர்களிடம் கேளுங்கள், என்னைவிட அவர்கள் பல மடங்கு கெட்டிக்காரர்கள். என்னிடம் இருப்பது மொட்டைமாடியில் ஒரு மழைமானி. உள்ளே சீசா பலகை போல இரண்டு சின்னக் குழிகள், 0.2 மில்லிமீட்டர் மழை நிறைந்ததும் ஒன்று கவிழ்ந்து ‘டிக்’ என்று எண்ணும். போன மாதம் ஒருநாள் குடையையும் மீறித் தொப்பலாக நனைந்து அலுவலகம் வந்து சேர்ந்தேன். சட்டையைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு அன்றைய பதிவைத் திறந்தால் மழை 0.0 என்று இருக்கிறது. மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். புனலின் வாயில் ஓர் இலை ஒட்டிக்கொண்டு கிடந்தது, அதற்குக் கீழே சிலந்தி வலை. நீர் விளிம்பு வரை நின்றுகொண்டிருந்தது, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. இலையை எடுத்தேன். அடுத்த ஐந்து நிமிடத்துக்குக் கருவி டிக் டிக் என்று, எப்போதோ நின்றுபோன மழையை எண்ணிக்கொண்டிருந்தது. பதிவேட்டில் என்ன எழுதுவது என்று கொஞ்சம் யோசித்தேன். நான் எவ்வளவு நனைந்தேன் என்பது அளவீடு ஆகாது. அந்த நாளுக்கு நேரே -99.9 என்று போட்டு, ஓரத்தில் “புனலில் இலை” என்று எழுதிவிட்டு இறங்கினேன்.